கரிசல் மண்ணில் உடலறிவு: ஊர்தேடி வரும் அறிவியல் கண்காட்சியும் சிறாரும்



இலக்கிய வட்டத்தின் ஆண்டு நிறைவு விழாவில் நுரையீரலைப் பற்றியும் முழங்கால் மூட்டைப் பற்றியும் பேசுவது பொருந்துமா என்று சிலர் ஐயுறக்கூடும். கரிசல் இலக்கியத்தைப் பயின்றோர்க்கு அந்த ஐயம் எழாது. இடைசெவல் என்னும் ஒரே சிற்றூர் கு. அழகிரிசாமியையும் கி. ராஜநாராயணனையும் தமிழுக்குத் தந்தது. அவர்களுக்குப் பின் பூமணியும் சோ. தர்மனும் இம்மண்ணின் வாழ்வை எழுத்தாக்கினர். இவர்கள் படைத்த மாந்தர் உடலால் உழைத்து, உடலால் பசித்து, உடலால் தேய்ந்தவர்கள். எனவே உடல் என்பது கரிசல் இலக்கியத்துக்குப் புறம்பான பொருள் அன்று. அந்த உடலின் உள்ளமைப்பைக் கரிசல் காட்டுக் குழந்தை எவ்வாறு அறிந்துகொள்கிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

படமும் உடலும்

பள்ளிச் சுவரில் மனித உடலின் படம் ஒன்று தொங்குகிறது. அதில் இதயத்தின் ஒரு பாதி சிவப்பு, மறுபாதி நீலம். குழந்தை அதைப் பார்த்து எழுதுகிறது, மனப்பாடம் செய்கிறது, தேர்வில் மதிப்பெண்ணும் பெறுகிறது. ஆயினும் தன் உடலுக்குள் நீல நிறக் குருதியும் ஓடுகிறது என்றே பல குழந்தைகள் நம்புகின்றன. உயிர்க்காற்றுக் குறைந்த குருதி கருஞ்சிவப்பாக இருக்குமே தவிர நீலமாக இராது என்பதைப் படம் சொல்வதில்லை. இரைப்பை எங்கே இருக்கிறது என்று கேட்டால் குழந்தை கொப்பூழைத் தொட்டுக் காட்டும். பெரியவர்களில் பலரும் அவ்வாறே காட்டுவர். அது இருப்பதோ விலா எலும்புகளின் கீழ்ப்பகுதியை ஒட்டி, இடப்புறமாக. தன் இரைப்பை இருக்குமிடம் அறியாமலே ஒருவர் எழுபது ஆண்டு உண்டு வாழ்ந்துவிடலாம். ஆனால் வலி வந்து மருத்துவர் முன் நிற்கும்போது அந்த அறியாமைக்கு விலை கொடுக்க நேர்கிறது.

படம் தட்டையானது, உடலோ ஆழம் உடையது. படம் அசையாதது, உடல் ஓயாது இயங்குவது. ஒரு நாளில் ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை துடிக்கும் இதயத்தை அசையாத கோடுகளால் விளக்குவது, ஓடும் ஆற்றைக் குடத்துத் தண்ணீரால் விளக்குவது போன்றது. இக்குறையைப் போக்கவே தொட்டும் கழற்றியும் மீண்டும் பூட்டியும் பார்க்கத்தக்க உருவங்கள் தோன்றின.

தொட்டுப் பார்க்கும் கல்வியின் வரலாறு

பிரான்சு நாட்டு மருத்துவர் லூயி ஓசூ 1820களில் காகிதக் கூழால் மனித உடலின் உருவத்தைச் செய்தார். உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்து மீண்டும் பொருத்தும் வகையில் அது அமைந்தது. பிணத்தை அறுத்துப் பார்க்கும் வாய்ப்பு இல்லாத மாணவர்க்கும் உடலின் உள்ளறைகள் திறந்தன. செருமனியின் டிரெஸ்டன் நகரில் 1911-இல் நடைபெற்ற உடல்நலக் கண்காட்சியை ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கண்டனர். அதன் வழித்தோன்றலான அந்நகரின் உடல்நல அருங்காட்சியகம் 1930-இல் 'கண்ணாடி மனிதன்' என்னும் ஒளிபுகும் உருவத்தைக் காட்சிக்கு வைத்தது. உறுப்புகள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்து தம் இடத்தை உணர்த்தின.

இவ்வரலாற்றில் இருண்ட பக்கமும் உண்டு. 1933-க்குப் பின் அதே அருங்காட்சியகம், மனிதரை உயர்ந்த இனம், தாழ்ந்த இனம் என்று தரம் பிரித்த நாட்சிக் கொள்கையின் ஊதுகுழலாயிற்று. உடலைக் காட்டுவது மட்டும் அறிவாகிவிடாது. எதற்காகக் காட்டுகிறோம் என்பதும் கேட்கப்பட வேண்டும் என்பதற்கு இது சான்று. சாதியின் பெயரால் தெருவும் கிணறும் பிரிந்து கிடந்த நிலத்தில் இப்பாடம் கூடுதலான பொருள் உடையது. எவர் நெஞ்சாங்கூட்டைத் திறந்தாலும் பன்னிரண்டு இணை விலா எலும்புகளே இருக்கும். வளர்ந்த மனிதரின் எலும்புகளை எண்ணினால் பொதுவாக 206 என்ற கணக்கே வரும். எல்லாத் தெருக் குழந்தைகளும் ஒரே எலும்புக்கூட்டைச் சுற்றி நின்று எண்ணுவதே ஒரு சமத்துவப் பாடம் எனலாம்.

இந்தியாவில் உடலைத் தொட்டு அறிதல் என்பதே ஒரு தடையைத் தாண்டிய செயலாக இருந்தது. 1836-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பண்டிட் மதுசூதன குப்தர் மனித உடலை அறுத்துப் பார்த்தது பெருநிகழ்ச்சியாகப் போற்றப்பட்டது. கல்லூரிக்குள் நிகழ்ந்த அந்த மாற்றம் ஊர்ப்புறத்துப் பள்ளியை எட்ட நெடுங்காலம் பிடித்தது. 1965-இல் கல்கத்தாவின் பிர்லா தொழில்துறை, தொழில்நுட்ப அருங்காட்சியகம் காட்சிப் பொருள்களைப் பேருந்தில் ஏற்றி ஊர்ப்புறப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கியது. அருங்காட்சியகத்துக்கு வர இயலாத மாணவரிடம் அருங்காட்சியகமே செல்லட்டும் என்பதே அதன் கருத்து. 1978-இல் தேசிய அறிவியல் அருங்காட்சியகக் குழு அமைந்தபின் இம்முயற்சி நாடெங்கும் பரவியது. தென்னாட்டுக்குப் பெங்களூரின் விசுவேசுவரய்யா அருங்காட்சியகம் பொறுப்பேற்றது. அதன்கீழ் 1987-இல் திருநெல்வேலியில் மாவட்ட அறிவியல் மையம் திறக்கப்பட்டது. கோவில்பட்டியிலிருந்து ஏறத்தாழ 55 கி.மீ. தொலைவில் அது உள்ளது.

நகரத்தார்க்கு 55 கி.மீ. பெருந்தொலைவு அன்று. விளாத்திகுளத்துக்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கு அது ஒரு நாள் கூலி, இருவேளை உணவு, பேருந்துக் கட்டணம், வீட்டாரின் இசைவு ஆகிய அனைத்தும் சேர்ந்த தொலைவு. ஊர்தேடி வரும் கண்காட்சியின் தேவை இங்கேதான் விளங்குகிறது.

இருவகைப் பேருந்துகள்

கரிசல் சிற்றூர்களின் குழந்தைகளைத் தேடிப் பேருந்து வருவது புதிதன்று. விடியுமுன் ஊர் ஊராகச் சென்று சிறுவர் சிறுமியரை ஏற்றிக்கொண்டு தீப்பெட்டித் தொழிற்சாலைகளுக்குச் சென்ற வண்டிகளைப் பற்றி 1980களின் ஆய்வுகள் விரிவாகப் பதிவு செய்துள்ளன. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரங்களில் மழை பொய்த்த புன்செய்க் குடும்பங்களுக்குத் தீப்பெட்டி ஒட்டுவதும் குச்சி அடுக்குவதும் கஞ்சி வார்த்தன. அந்த உண்மையை மறைப்பது நேர்மை ஆகாது. அந்தக் கஞ்சிக்காகக் குழந்தைகளின் முதுகும் கண்ணும் விரல்களும் விலையாயின என்பதும் உண்மையே.

குழந்தையின் எலும்பு வளர்ந்தவரின் எலும்பைச் சிறிதாக்கிச் செய்தது அன்று. அதன் முனைகளில் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும் வளர்தட்டுகள் உண்டு. பதின்பருவம் முடியும் வரையில் அவ்விடங்களில்தான் எலும்பு நீள்கிறது. வளரும் உடலை நாள் முழுதும் குனிந்த நிலையில் அமர்த்துவது எத்துணைக் கேடு என்பதை உணர்த்த அறவுரை வேண்டியதில்லை. குழந்தையின் கை எலும்பையும் பெரியவரின் கை எலும்பையும் அருகருகே காட்டும் ஓர் ஊடுகதிர்ப் படம் போதும். சிறு கையின் எலும்புகளுக்கிடையே தெரியும் வெற்றிடங்கள் உண்மையில் வெற்றிடங்கள் அல்ல. இன்னும் எலும்பாகாத குருத்துகள்.

1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களைக் குறித்து உச்ச நீதிமன்றம் 1990-லும் 1996-லும் தீர்ப்புகள் வழங்கியது. விதியை மீறிக் குழந்தையை வேலைக்கு வைத்தவர் குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஆணையிட்டது. 2016-இல் சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. சட்டம் குழந்தையை ஆலையிலிருந்து விடுவிக்கும். தன் உடல் எத்தன்மையது, அதற்கு எது ஊறு செய்யும் என்ற அறிவைச் சட்டம் தராது. அதைக் கல்விதான் தர வேண்டும்.

உடலறிவு ஒரு தொழிலையே மாற்றும் என்பதற்கும் தீக்குச்சியே சான்று பகர்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தீக்குச்சி ஆலைகளில் வெண்பாசுபரசு பயன்பட்டது. அதன் ஆவி பட்ட தொழிலாளரின் தாடை எலும்பு அழுகியது. பல்வலியாகத் தொடங்கி முகத்தையே சிதைக்கும் அந்நோயை மருத்துவர்கள் 1840களிலேயே அடையாளம் கண்டனர். 1888-இல் இலண்டன் தீக்குச்சி ஆலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 1906-இல் பெர்ன் நகரில் கூடிய நாடுகள் வெண்பாசுபரசுத் தீக்குச்சிகளுக்குத் தடை விதிக்க உடன்பட்டன. இந்தியாவிலும் 1913-இல் அதற்குத் தனிச்சட்டம் வந்தது. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது அதன் பின்னர், 1920களில். கரிசல் மண்ணின் தொழிலாளர் அக்கொடு நோயிலிருந்து தப்பியதற்கு, எங்கோ ஒரு மருத்துவர் ஒரு தாடை எலும்பை உற்று நோக்கியதும் காரணம். இக்கதையைத் தீக்குச்சி ஊரின் பிள்ளைகள் அறிய வேண்டாமா?

தீக்குச்சியும் களிமண்ணும்

வெளியூர்க் கண்காட்சிப் பேருந்து ஒரு பள்ளியில் தங்குவது ஓரிரு நாளே. கொணரும் காட்சிப் பொருள்கள் இருபது முப்பது இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை விழுந்துவிட்டால் கரிசல் மண் சக்கரத்தைப் பற்றிக்கொள்ளும். உட்கிடையான ஊர்களுக்கு வண்டி செல்லாது. எனவே வண்டி போனபின் என்ன எஞ்சுகிறது என்பதே முதன்மையான வினா. அதற்கு விடை, காட்சிகளைப் பிள்ளைகள் தாமே மீண்டும் செய்து பார்க்கத்தக்கனவாக அமைப்பதாகும்.

தீக்குச்சிகளையும் மிதிவண்டி வால்வுக் குழாயையும் கொண்டு வடிவங்கள் அமைக்கும் முறையை அரவிந்த் குப்தா உருவாக்கினார். 1978-இல் மத்தியப் பிரதேசத்தின் ஓசங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தில் பங்குகொண்ட காலத்தில் பிறந்த எண்ணம் அது. தீக்குச்சி கிடைக்காத ஊர் இல்லை. கோவில்பட்டியிலோ அதற்குப் பஞ்சமே இல்லை. வால்வுக் குழாயால் இணைத்த இரு குச்சிகள் முழங்கை மூட்டின் இயக்கத்தை எளிதில் காட்டும்.

இன்னும் எளிய சோதனை ஒன்று. எரிந்து அணைந்த தீக்குச்சியைச் சுண்டைக்காய் அளவு ஈரக் களிமண்ணில் நட்டு, மணிக்கட்டில் கட்டைவிரலுக்கு நேர்கீழே நாடி துடிக்குமிடத்தில் வைக்க வேண்டும். கையை அசைக்காமல் மேசைமேல் கிடத்தினால் குச்சி மெல்லத் தலையசைக்கும். அந்த அசைவு ஒவ்வொன்றும் இதயத்தின் ஒரு துடிப்பு. ஒரு நிமிடத்துக்கு எண்ணியபின், முற்றத்தைச் சுற்றி இருமுறை ஓடிவந்து மீண்டும் எண்ணினால் கணக்கு ஏறியிருக்கும். ஏன் ஏறியது என்று கேட்கும் குழந்தை இதயத்தின் பணியை முக்கால் பங்கு கற்றுவிட்டது. மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் என நாடி பார்த்த மரபு இம்மண்ணில் உண்டு. விரலால் உணர்ந்ததைக் கண்ணால் காணச் செய்கிறது இத்தீக்குச்சி.

1816-இல் இலென்னெக் என்னும் பிரெஞ்சு மருத்துவர் ஒரு பெண் நோயாளியின் மார்பில் காதை வைத்துக் கேட்கத் தயங்கி, காகிதத்தைச் சுருட்டிக் குழலாக்கிக் கேட்டார். மருத்துவரின் அடையாளமாகிவிட்ட கருவி அவ்வாறே பிறந்தது. பழைய நாளிதழைச் சுருட்டினால் எந்தக் குழந்தையும் தன் தோழனின் இதயத்தைக் கேட்கலாம்.

அடி வெட்டிய ஞெகிழிப் புட்டியின் வாயில் ஒரு பலூனைத் தொங்கவிட்டு, அடிப்பகுதியை மற்றொரு பலூன் தோலால் மூடினால் நுரையீரலின் இயக்கம் விளங்கும். கீழ்த்தோலை இழுத்தால் உள்ளிருக்கும் பலூன் விரியும். காற்று நுழைவதால் மார்பு விரிகிறது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு நேர்மாறானது. உதரவிதானம் தாழ்ந்து மார்பறை விரிவதால்தான் காற்று நுழைகிறது. நூறு முறை படித்தும் நெஞ்சில் தங்காத இவ்வுண்மை ஒருமுறை இழுத்துப் பார்த்தால் தங்கிவிடும்.

1628-இல் வில்லியம் ஆர்வி குருதிச் சுற்றோட்டத்தை மெய்ப்பித்தபோது காட்டிய சான்றுகளுள் ஒன்று, கட்டுப் போட்ட கையில் புடைத்த சிரைகள். சிரையை விரலால் அழுத்திக் குருதியை மேல்நோக்கித் தள்ளலாம். கீழ்நோக்கித் தள்ள முயன்றால் உள்ளிருக்கும் கதவிதழ்கள் தடுத்துவிடும். பருத்திக் காட்டிலும் மிளகாய்த் தோட்டத்திலும் உழைத்த பெற்றோரின் முன்கையில் சிரைகள் கட்டுப் போடாமலே தெரியும். அந்தக் கையைக் காட்டிலும் சிறந்த காட்சிப் பொருளை எந்தப் பேருந்தும் கொணர முடியாது. தன் தாயின் கை ஓர் அறிவியல் நூலின் பக்கம் என்று குழந்தை உணரும் கணத்தில், அந்தக் கையின் மதிப்பும் அதன் கண்ணில் உயர்கிறது.

சொல்லின் துணை

உடலைக் கற்பிக்கச் சொல் வேண்டும். அச்சொற்களில் பலவும் ஏற்கெனவே குழந்தையிடம் உள்ளன. ஆட்டுக்கறி வாங்கச் செல்லும் பிள்ளை ஈரலையும் நுரையீரலையும் குடலையும் குண்டிக்காயையும் நல்லி எலும்பையும் அறியும். சுவரொட்டி என்பது மண்ணீரலே என்று சொல்லிவிட்டால் போதும். பாடநூலின் அயன்மை நீங்கிவிடும். நுரைபோல் காற்றறைகள் நிறைந்தது நுரையீரல். கல்போல் கனத்தது கல்லீரல். கெண்டை மீனின் வடிவம் உடையது கெண்டைக்காற் சதை. கண்ணின் நடுவே தெரியும் கருவட்டத்தைத் தமிழர் பாவை என்றனர். எதிரே நிற்பவரின் உருவம் அதில் சிறு பொம்மைபோல் தெரிவதே காரணம். இலத்தீன் மொழியிலும் அதன் பெயர் சிறு பொம்மை என்றே பொருள்படும். இருவேறு நிலத்து மக்கள் ஒருவர் கண்ணை ஒருவர் உற்றுப் பார்த்து ஒரே பெயரை இட்டனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

தமிழில் உடற்கூறு கற்பிக்க இயலும் என்பது நேற்றைய முழக்கம் அன்று. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அறுபதுக்கும் மேற்பட்டோர் அவரிடம் பயின்று மருத்துவராயினர். கட்டர் என்பாரின் நூலைத் தழுவி 1857-இல் வெளிவந்த தமிழ்நூலின் பெயர் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்'. அங்காதிபாதம் என்பது உடற்கூறு. சுகரணம் என்பது உடலியங்கியல். உற்பாலனம் என்பது உடல்நலம். அச்சொற்கள் நிலைக்கவில்லை, ஆனால் அம்முயற்சி நிலைத்தது. மக்கள் நாவில் ஏறாத சொல் எவ்வளவு உழைப்பில் பிறந்தாலும் வழக்கொழியும் என்னும் பாடத்தையும் அது தருகிறது. 1982-இல் கரிசல் வழக்குச் சொற்களைக் கி. ராஜநாராயணன் அகராதியாக்கினார். காட்சிப் பொருள்களுக்குப் பெயரட்டை எழுதுவோர் பாடநூற் சொல்லோடு ஊர்ச்சொல்லையும் சேர்த்து எழுதுவராயின் இரண்டும் ஒன்றையொன்று தாங்கும்.

செய்ய வேண்டுவன

இத்துறையில் தமிழகம் வெறுங்கையோடு நிற்கவில்லை. 1980-இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் துளிர் இதழாலும் கலைப்பயணங்களாலும் அறிவியலை ஊர்ப்புறங்களுக்குக் கொண்டு சென்றது. 1990களின் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு உடல்நலச் செய்திகளையும் பரப்பியது. 2022 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய வானவில் மன்றத் திட்டத்தின்படி, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்பு மாணவர்க்காகக் கருத்தாளர்கள் சோதனைப் பொருள்களோடு அரசுப் பள்ளிகளுக்கே செல்கின்றனர். பெரிய பேருந்து நுழையாத ஊருக்கும் இரு சக்கர வண்டி நுழையும்.

ஆயினும் நிறைவுறாத இடம் ஒன்றுண்டு. கூட்டமாகக் கண்காட்சி காணும்போது சிறுவர் முன்வரிசையில் நெருக்க, சிறுமியர் பின்னே நிற்பது எங்கும் காணும் காட்சி. பூப்பு, மாதவிலக்கு, கருப்பை ஆகியவை பற்றிய காட்சி வைக்கப்பட்டாலும் அங்கு நின்று வினவும் துணிவு அவர்க்கு எளிதில் வருவதில்லை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் குருதிச்சோகை உடையோர் என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு கூறுகிறது. கீழிமையின் உட்புறம் வெளிறியிருந்தால் மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்பதைக் கற்பிக்க ஒரு சிறு முகக்கண்ணாடி போதும். சிறுமியர்க்குத் தனி நேரமும், விளக்க ஒரு பெண் கருத்தாளரும், கேள்வியைப் பெயரின்றி எழுதியிட ஒரு பெட்டியும் அமையுமாயின் அதுவே பெருந்தொண்டாகும். சிறுவர்க்கும் அவற்றைக் கற்பித்தல் வேண்டும். எள்ளல் அறியாமையின் பிள்ளை.

இரண்டாவது, பேருந்து வருமுன் ஆசிரியர்க்கு ஒரு நாள் பயிற்சி வேண்டும். வண்டி போனபின் தொடரப் போகிறவர் அவரே. மூன்றாவது, காட்சிப் பொருள்களில் உள்ளூர்த் தொழிலின் உடல்நலம் இடம்பெற வேண்டும். தீப்பெட்டி ஆலைக்கும் நூற்பாலைக்கும் புன்செய்க் காட்டுக்கும் செல்லும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு நுரையீரலைப் பற்றிய பாடத்தில் பஞ்சுத் தூசும் மருந்துத் தூசும் வாராவிடின் அப்பாடம் குறையுடையது.

1950களில் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த ஊர்களில் எட்டயபுரம் முதன்மையாகப் பேசப்படுகிறது. பசித்த வயிறு பாடம் கேளாது என்ற உண்மையை ஆட்சி ஏற்றுக்கொண்டதில் கரிசல் மண்ணுக்கும் பங்குண்டு. வயிற்றுக்குச் சோறிட்ட பள்ளி, அவ்வயிறு எங்கிருக்கிறது, எவ்வாறு செரிக்கிறது, எதனால் நோகிறது என்பதையும் சொல்லித் தரக் கடமைப்பட்டது. வண்டியில் வரும் காட்சிப் பொருள்கள் இரண்டு நாளில் அடுத்த ஊருக்குப் போய்விடும். ஆனால் ஒவ்வொரு குழந்தையும் தன் வாழ்நாள் முழுதும் பிரியாத ஒரு காட்சிப் பொருளோடுதான் வீடு திரும்புகிறது. அதை வாசிக்கக் கற்பிப்பதும் எழுத்தறிவித்தலே. எழுத்தைப் போற்றும் இலக்கிய வட்டத்தார் தத்தம் ஊர்ப் பள்ளிக்கு அடுத்த கண்காட்சி வரும் நாளில், பெயரட்டைகளுக்கு ஊர்ச்சொல் எழுதித் தரவேனும் முன்வருவார்களாக.